கோடிட்ட இடத்தில் குடிமகன்

நூம்பலில் ஒரு தேநீர்க் கடை. வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஐயப்பன்தாங்கல் பக்கம் போகும் வழியில் இருக்கிறதே நூம்பல், அந்த ஊர்தான். வயல்கள் மனைகளாயின, மனைகள் மாடிகளாயின, மாடிகளின் நிழலில் பழைய ஊர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பழைய ஊரின் பெஞ்சு ஒன்றில் அமர்ந்து காலை ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் வந்தார். இட்லி விற்றுப் பிழைப்பவர். கையில் கைப்பேசி, கண்ணில் கலக்கம். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த இளைஞனிடம் நீட்டினார்.

"தம்பி, இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா. ராத்திரி வந்துச்சு."

இளைஞன் படித்தான். படித்தவன் விழித்தான்.

"ஆயா, 'அன்புள்ள பெயர்-க்கு'ன்னு போட்டிருக்குது."

"எந்தப் பேரு?"

"பேரே இல்ல ஆயா. 'பெயர்'னுதான் போட்டிருக்கான். 'தங்கள் நகைக்கடன் தொகை தேதி-க்குள் செலுத்தப்படாவிடில் நகை ஏலம் விடப்படும்.' அவ்ளோதான்."

"எந்தத் தேதிப்பா?"

"தேதின்னுதான் போட்டிருக்கான்."

"எவ்ளோ பணம் கட்டணுமாம்?"

"தொகைன்னு போட்டிருக்கான்."

பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்தனர். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சிரிக்காதவர் ஒரே ஒருவர், ஆயா. அவருடைய ஒற்றைச் சங்கிலி அங்கே அடகில் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் பெயர் தெளிவில்லை, தொகை தெளிவில்லை, தேதி தெளிவில்லை. தெளிவாக இருந்த சொல் ஒன்றே ஒன்று: ஏலம்!

அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டுப் பேருந்து ஏறிப் போனார் ஆயா. கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்ததாம். வட்டியைக் கட்டிவிட்டு வந்தார். "கம்ப்யூட்டர் அனுப்பினது, நாங்க என்ன பண்றது?" என்று கையை விரித்தார்களாம். எந்த நிறுவனம் என்று கேட்கிறீர்களா? வேண்டாம். அது ஆயாவின் பெயரை மறந்தது. நாமும் அதன் பெயரை மறந்துவிடுவோம். கணக்கு நேராகட்டும்!

ஆனால் மறக்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு. கோடிட்ட இடத்தை நிரப்புவது என்பது பள்ளிக்கூடத்துச் சிறுவனின் வேலை. அந்த வேலையில் கணிப்பொறி தவறினால், தண்டனை யாருக்கு?

மாறி மாறவில்லை

நடந்ததைப் புரிந்துகொள்வது கடினமன்று. பத்தாயிரம் பேருக்குக் கடிதம் போகவேண்டும். ஒவ்வொன்றாக எழுத ஆளில்லை. ஆகவே பொதுவான வாசகம் ஒன்றை ஒரே ஒருமுறை எழுதி வைப்பார்கள். ஆளுக்கு ஆள் மாறவேண்டிய இடங்களில் மட்டும், அடைப்புக்குறிக்குள் ஓர் அடையாளச் சொல்லைப் போடுவார்கள்: பெயர், தொகை, தேதி. கணிப்பொறி ஒரு பட்டியலைப் பார்த்து, அடையாளச் சொல்லை எடுத்துவிட்டு உரியதை அங்கே வைத்து அனுப்பும். வாசகத்துக்கு வார்ப்புரு என்று பெயர். மாறும் இடத்துக்கு மாறி என்று பெயர்.

பட்டியலின் தலைப்பில் 'பெயர்' என்றும் வார்ப்புருவில் 'பெயா்' என்றும் ஒரு புள்ளி பிசகினால் போதும். கட்டம் காலியாகக் கிடந்தால் போதும். மாறி மாறாமல் அப்படியே நின்றுவிடும். மாறி மாறவில்லை, ஆயா மாட்டிக்கொண்டார். கதை இவ்வளவுதான்.

இதைப் புதுமை என்று பூரிப்போர் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த அதிசயம் என்பர். அதிசயம்தான், ஆனால் அந்த அதிசயம் நம் வீட்டுத் திண்ணையிலேயே நெடுநாளாக உட்கார்ந்திருக்கிறது.

கல்லிலே கண்ட கோடிட்ட இடம்

985-இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன் காலத்தில்தான் மெய்க்கீர்த்தி என்னும் முறை சோழர் கல்வெட்டுகளில் நிலைபெற்றது. மன்னனின் வெற்றிகளைச் சொல்லும் வாசகம் ஒன்று. அதே வாசகம் ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில், கல்லுக்குக் கல் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டது. மாறியவை எவை? ஆட்சியாண்டு மாறியது, ஊர்ப் பெயர் மாறியது, கொடுத்தவர் பெயரும் கொடுத்த பொருளின் அளவும் மாறின. வார்ப்புரு, மாறி இரண்டும் அங்கே உண்டா இல்லையா? ஆனால் எந்தச் சிற்பியும் 'பெயர்' என்றே செதுக்கிவிட்டுப் போகவில்லை. உளி பிடித்தவன் யாருடைய கொடை இது என்று அறிந்து செதுக்கினான்.

பத்திரம் எழுதுவோரைப் பாருங்கள். இன்னாருடைய குமாரர் இன்னார் ஆகிய நான் என்று தொடங்கும் வாசகம் தலைமுறை தலைமுறையாக ஒன்றே. பெயரும் சர்வே எண்ணும் நான்கு எல்லையும் மட்டுமே ஆளுக்கு ஆள் வேறு. ஓர் எல்லை தவறினால் வழக்குமன்றப் படி ஏறவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே எழுதியபின் உரக்கப் படித்துக் காட்டினார்கள்.

தபால் தந்தி அலுவலகத்தில் வாழ்த்துத் தந்தி இருந்தது. தீபாவளிக்கு ஓர் எண், திருமணத்துக்கு ஓர் எண், தேர்வில் வென்றதற்கு ஓர் எண். எண்ணைக் குறித்தால் போதும், வாழ்த்து வாசகம் மறுமுனையில் முளைக்கும். 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்படும்வரை நாடெங்கும் நடந்த வழக்கம் இது. வாழ்த்து அச்சடித்தது, ஆனால் பெறுநர் பெயரும் அனுப்புநர் பெயரும் மெய்யானவை. அதனால்தான் அந்தக் காகிதத்தைப் பெட்டியில் பத்திரப்படுத்தினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே நம் கல்யாணப் பத்திரிகை! ஆயிரம் பிரதி அச்சிடுகிறோம். முகப்பிலே திரு, திருமதி என்று போட்டு, புள்ளிக் கோடு விட்டு, அவர்கள் என்று முடிக்கிறோம். அந்தப் புள்ளிக் கோட்டில் பேனாவால் பெயர் எழுதி, தட்டில் வைத்து, கையில் கொடுக்கிறோம். பெயர் எழுதாத பத்திரிகையை ஒருவர் வீட்டில் வைத்துவிட்டு வந்து பாருங்கள்! "எங்கள் பெயர்கூட அவர்களுக்குத் தெரியவில்லையாமே" என்று பத்தாண்டு பேசுவார்கள். அந்தக் கோபம் வெறும் வீம்பன்று. ஆயிரத்தில் ஒன்றாக வந்த காகிதத்தை எனக்கென்றே வந்த அழைப்பாக ஆக்குவது, அந்தப் புள்ளிக் கோட்டின்மேல் விழுந்த பேனா மைதான்.

சிகாகோவின் பனியும் பலகையும்

இனிக் கணிப்பொறி இந்த வேலையைக் கற்றுக்கொண்ட கதைக்கு வருவோம். 1978 சனவரியில் சிகாகோ நகரைப் பெரும் பனிப்புயல் மூடியது. வீட்டை விட்டு வெளியேற முடியாத நாட்களில் வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்னும் நண்பர் இருவர் ஒரு காரியம் செய்தனர். சங்கக் கட்டடங்களில் அறிவிப்புப் பலகை இருக்குமே, குண்டூசியால் சீட்டுக் குத்தி வைப்பார்களே, அதைத் தொலைபேசிக் கம்பி வழியே கணிப்பொறிக்குள் கொண்டுவந்தனர். அந்த ஆண்டு பிப்ரவரி 16-இல் பலகை பொதுமக்களுக்குத் திறந்தது. தொலைபேசியில் அழைத்து உள்ளே போகலாம், பிறர் எழுதியதைப் படிக்கலாம், தானும் எழுதலாம்.

பின்னர் இத்தகைய பலகைகள் பல்கிப் பெருகின. பெரும்பாலும் தனியாட்களின் வீட்டிலே ஒரு பெட்டி, ஒரு தொலைபேசி இணைப்பு. நள்ளிரவில் எங்கிருந்தோ ஒருவர் அழைப்பார். வீட்டுக்காரர் உறங்கிக்கொண்டிருப்பார். வந்தவரை வரவேற்க வேண்டாமா? அதற்குத்தான் மாறி! பிசிபோர்டு போன்ற மென்பொருள்களில், வரவேற்பு வாசகத்தின் நடுவே இரண்டு குறிகளுக்கிடையில் 'முதற்பெயர்' என்று பொருள்படும் சொல்லை எழுதி வைத்தால், அழைத்தவரின் பெயர் அங்கே வந்து நிற்கும். கடைசியாக எப்போது வந்தார், இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி என்பவற்றையும் அப்படியே நிரப்பலாம். வீட்டுக்காரர் உறங்க, பலகை விழித்திருந்து பெயர் சொல்லி வரவேற்றது.

அங்கே அது உபசாரம். வந்தவர்கள் விரும்பி வந்தவர்கள். பெயரைத் தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள். பெயர் தவறினால் பலகை நடத்துபவரையே கேட்கலாம். 1980-களில் சொற்செயலிகள் இந்த வித்தையை அலுவலகங்களுக்குக் கொண்டுபோயின. ஒரே கடிதம், ஆயிரம் முகவரி! உபசாரம் வியாபாரமாயிற்று. இன்று வங்கி, கடன் நிறுவனம், எரிவாயு முகமை, மருத்துவமனை, அரசு அலுவலகம் எல்லாம் நம்மோடு பேசுவது இந்த வழியில்தான். பேசுவது யார்? வார்ப்புரு. நாம் யார்? மாறி!

இலக்கணம் இடறிய இடம்

ஆயாவுக்கு வந்த கடிதத்தில் 'பெயர்-க்கு' என்று இருந்ததைக் கவனித்தீர்களா? அந்தச் சிறு கோடு எங்கிருந்து வந்தது? தமிழ் எழுதும் எந்த மனிதனும் அப்படி எழுதமாட்டான். அது ஆங்கில வார்ப்புருவைத் தமிழாக்கியதன் தழும்பு.

ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னே ஒரு தனிச் சொல் நிற்கும். பெயர் எப்போதும் அப்படியே இருக்கும். எந்தப் பெயரைக் கொண்டுவந்து வைத்தாலும் வாக்கியம் குலையாது. தமிழ் அப்படியா? வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டுகிறது. ஒட்டும்போது பெயரே உருமாறுகிறது. முருகன் முருகனுக்கு ஆகிறார். வள்ளி வள்ளிக்கு ஆகிறார். கலா கலாவுக்கு ஆகிறார். சுந்தரம் சுந்தரத்துக்கு ஆகிறார். நான்கு பேர், நான்கு வழி. கணிப்பொறிக்கு இது தெரியாது. அது 'முருகன்க்கு' என்னும்; 'சுந்தரம்க்கு' என்னும். படிக்கும்போது பல்லில் கல் பட்டதுபோல் இருக்கும்.

எண்ணிலும் இதே கூத்து. "உங்களுக்கு 1 செய்திகள் வந்துள்ளன." ஒன்று எப்படிப் பலவாயிற்று? வார்ப்புரு எழுதியவர் பன்மையை மட்டும் நினைத்தார். ஒருமை வரும் என்பதை மறந்தார்.

ஒருவரை எப்படி அழைப்பது என்பதற்காகவே இலக்கணத்தில் ஒரு தனி இயல் வைத்த மொழி தமிழ். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல் உண்டு, வேற்றுமை மயங்கியல் உண்டு, அவற்றையடுத்து விளிமரபு என்றே ஓர் இயல் உண்டு. அழைப்பை எட்டாம் வேற்றுமை என்று எண்ணி வைத்தவர்கள் நாம். அந்த மொழியில் இன்று அழைப்பு இப்படி நொண்டுகிறது என்றால், குற்றம் மொழியிலா? மொழியைக் கேட்காமல் வேலை செய்தவர்களிடமா?

தமிழுக்கு இது முடியாது என்று கைவிரிப்போர்க்கு ஒன்று சொல்வேன். விடை நம் கல்யாணப் பத்திரிகையிலேயே இருக்கிறது. புள்ளிக் கோட்டுக்குப் பின்னே அவர்கள் என்று ஒரு சொல் நிற்கிறதே, அதைப் பாருங்கள். முருகன் அவர்களுக்கு; வள்ளி அவர்களுக்கு; கலா அவர்களுக்கு; சுந்தரம் அவர்களுக்கு. உருபு அவர்கள்மீது ஏறிக்கொள்கிறது. பெயர் நலுங்காமல் நிற்கிறது. வினைமுற்றிலும் ஆண் பெண் தடுமாற்றம் இல்லை. மரியாதைப் பன்மை இருவருக்கும் பொது. கோட்டையில் அமர்ந்திருக்கும் அதிகாரிக்கும் அவர்கள். நூம்பலில் இட்லி விற்கும் ஆயாவுக்கும் அவர்கள். இலக்கணச் சிக்கலும் தீர்ந்தது, ஏற்றத்தாழ்வும் தீர்ந்தது!

இன்னொரு விடை ரேஷன் கடையில் இருக்கிறது. கடையின் பலகையில் பொருளின் பெயரை வண்ணத்தில் எழுதி, எதிரே இடம் விட்டிருப்பார்கள். அன்றாட இருப்பைச் சுண்ணக்கட்டியால் நிரப்புவார்கள். அரிசி: இவ்வளவு. சர்க்கரை: இவ்வளவு. அங்கே உருபும் இல்லை, சந்தியும் இல்லை, சண்டையும் இல்லை. 'தேதி-க்குள்' என்று தடுமாறுவானேன்? 'கடைசி நாள்' என்று எழுதி, எதிரே நாளைப் போட்டால் ஆயாவுக்கும் புரியும், ஆண்டவனுக்கும் புரியும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் 2003 முதல் உழைத்துவரும் தன்னார்வலர்களும் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களே. அங்கே மாறி டாலர் குறியும் ஓர் எண்ணுமாக வரும். அந்த மென்பொருளில் எண்ணுக்கு ஒரு குறி, பாலுக்கு ஒரு குறி, இலக்கணத்துக்கு ஒரு குறி என்று தனித்தனியே வைத்திருக்கிறார்கள். மொழிக்கு ஏற்ப வாக்கியத்தைத் திருப்பி அமைக்க மொழிபெயர்ப்பாளருக்கு இடம் தந்திருக்கிறார்கள். சம்பளம் வாங்காத தொண்டர்களுக்குக் கைவந்தது, கோடிக் கணக்கில் செய்தி அனுப்பும் நிறுவனங்களுக்கு ஏன் கைவரவில்லை? மனம் இல்லை, வேறென்ன?

நான்கு எழுத்து ஏழான கதை

மனத்தோடு பணமும் சேர்ந்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழ் எழுத்தில் 70 இடம்தான். அதைத் தாண்டினால் இரண்டாம் செய்தியாகக் கணக்கு. அந்த 70-உம் முழுசாக நமக்கில்லை. 'நூம்பல்' என்று எழுதுங்கள். நம் கண்ணுக்கு நூ, ம், ப, ல் என நான்கு எழுத்து. கணிப்பொறிக்கோ கொம்பு தனி, புள்ளி தனி, ஆக ஏழு! ஊர்ப் பெயரை எழுதினாலே பத்தில் ஒரு பங்கு தீர்ந்துவிடுகிறது. ஆகவே தமிழனுக்கு ஆங்கிலத்தில் அனுப்புவது மலிவு என்று கணக்குப் பார்க்கிறார்கள். 1956-இல் தமிழை ஆட்சிமொழியாக்கச் சட்டம் கண்ட மாநிலத்தில், ஆயாவின் சங்கிலிக்கு எச்சரிக்கை எந்த மொழியில் வரும் என்பதைக் காசு தீர்மானிக்கிறது!

இன்னும் கேளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஜூலையில் விதிமுறை வகுத்தது. தொல்லைச் செய்திகளைத் தடுப்பதற்காக, நிறுவனங்கள் தங்கள் வார்ப்புருவை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். மாறும் இடத்தில் வளைவடைப்புக்குள் 'வார்' என்று ஒலிக்கும் மூன்று ரோமன் எழுத்துகளைப் போடவேண்டும். பதிவான வாசகத்தோடு ஒத்துப்போகாத செய்தி போகாது. 2021 மார்ச் 8-இல் இதை முழு வீச்சில் நடைமுறைப்படுத்தினார்கள். என்ன ஆயிற்று? பதிவு செய்யாத வார்ப்புருக்கள் வடிகட்டப்பட்டன. ஒருமுறைக் கடவுச்சொற்கள் வந்து சேராமல் மக்கள் தவித்தனர். வடிகட்டலை ஒரு வாரம் நிறுத்திவைக்க நேர்ந்தது. கோடிட்ட இடம் ஒன்று பிசகினால் கோடிக் கணக்கானோரின் வேலை நிற்கும் என்பதை நாடு அன்று கண்டது.

அந்த 'வார்' ஒவ்வொன்றுக்கும் 30 இடம் என்று அளவும் வைத்தார்கள். கிருஷ்ணமூர்த்தி மீனாட்சிசுந்தரம் என்று தந்தை பெயரும் தன் பெயருமாக ஒருவர் எழுதினால், கணிப்பொறியின் கணக்கில் 32! பெயரின் வாலை வெட்ட வேண்டும். இல்லையேல் செய்தி நிற்கவேண்டும். பெற்றவர் வைத்த பெயரைப் பெட்டி வெட்டுகிறது.

பெயரிலும் எத்தனை பிழை! படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கின்றன. குடும்பப் பெயரே இல்லாத தமிழன் எதை நிரப்புவான்? தந்தை பெயரை நிரப்புகிறான். உடனே கடிதம் தந்தையை விளித்து வருகிறது. அவரோ மறைந்து இருபதாண்டு ஆகியிருக்கும்! ரோமன் எழுத்தில் பதிந்ததைக் கணிப்பொறி திரும்பத் தமிழாக்கும்போது வள்ளி 'வல்லி' ஆகிறார். கண்ணம்மா 'கன்னம்மா' ஆகிறார். அட்டைக்கு அட்டை பெயர் வேறாகிறது. பெயர் ஒத்துவரவில்லை என்று விண்ணப்பம் திரும்புகிறது. எழுத்து ஒன்று, இழப்போ ஒரு மாத உதவித்தொகை.

கள்வன் கற்ற பாடம்

இத்தனையும் சொல்லிவிட்டு, எல்லோரும் நம் பெயரைச் சரியாக எழுதினால் போதும் என்று முடித்துவிடலாமா? முடியாது. கதையின் மறுபாதி இருக்கிறது.

பத்து நாள் கழித்து அதே கடைக்கு ஆயா மறுபடி வந்தார். மறுபடி கைப்பேசி. இம்முறை முகத்திலே கலக்கமில்லை, அவசரம்.

"தம்பி, கரண்ட்டு பில்லு பாக்கியாம். இன்னிக்கு ராத்திரி கட் பண்ணிடுவாங்களாம். இதுல தொட்டா பணம் கட்டிடலாம்னு போட்டிருக்குதாம். கொஞ்சம் தொட்டுக் குடுப்பா."

இளைஞன் பார்த்தான். அன்புள்ள என்று தொடங்கி ஆயாவின் பெயர், முதலெழுத்தோடு, ஒரு புள்ளி பிசகாமல்! கீழே ஓர் இணைப்பு. அனுப்பியதோ பத்து இலக்கத் தனியார் கைப்பேசி எண்.

"ஆயா, இது திருட்டுப் பய வேல. தொடாத."

"என்னப்பா சொல்ற? எம்பேர கரெக்ட்டா போட்டிருக்கானே!"

தோழர்களே, அந்த ஒரு வாக்கியத்தை எண்ணிப் பாருங்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு ஆயாவின் பெயர் தெரியவில்லை. கொள்ளையடிக்க வந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது! மெய்க் கடிதத்தில் பெயரில்லை. பொய்க் கடிதத்தில் பெயரிருந்தது. நாணயமானவன் கவனக்குறைவாக இருக்கும் இடத்தில், கள்வன் கண்ணும் கருத்துமாக இருக்கிறான். பெயர் சொல்லி அழைப்பவனை நம்பு என்று வாழ்ந்த ஒரு தலைமுறையின் நல்ல குணத்தையே கள்வன் சாவியாக்கிக்கொண்டான்.

அவனுக்குப் பெயர் எப்படிக் கிடைத்தது? பட்டியல்கள் கசிகின்றன, விற்கப்படுகின்றன. அவனிடமும் ஒரு வார்ப்புரு இருக்கிறது. அதே அடைப்புக்குறி, அதே மாறி. கருவி ஒன்றே, கைதான் வேறு.

ஆணையமும் இதை உணராமலில்லை. பதிவு செய்த வார்ப்புருவின் காலி இடத்திலேயே மோசடி இணைப்பை நிரப்பி அனுப்பும் தந்திரம் கண்டறியப்பட்டது. ஆகவே 2025 நவம்பரில் ஓர் ஆணை வந்தது: ஒவ்வொரு மாறியிலும் என்ன வகைச் சரக்கு நிரப்பப்படும், இணைப்பா, தொலைபேசி எண்ணா, வேறா என்பதை முன்கூட்டியே குறித்தாக வேண்டும். வரவேற்கத்தக்கது. பூட்டு போட்ட வீட்டில் சன்னல் திறந்திருந்தது. இப்போது சன்னலுக்கும் தாழ்ப்பாள். அதே 2025-இல் வந்த திருத்தத்தின்படி, பதிவான செய்திகளை அனுப்புபவரின் அடையாளப் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து வரும். விளம்பரத்துக்கு பி, சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி. நூம்பல் இளைஞன் இதைத்தான் ஆயாவுக்குச் சொல்லிக்கொடுத்தான்: "பேரைப் பாக்காத ஆயா, யாரு அனுப்புனான்னு பாரு. மறந்தாப்புல பணம் போயிட்டா உடனே 1930-க்கு போன் போடு."

கேட்பது சலுகையல்ல

ஆகவே நாம் கேட்பது என்ன? பொன்னையும் பொருளையுமல்ல.

தமிழர்க்கு அனுப்பும் வாசகத்தைத் தமிழறிந்தவர் தமிழிலேயே எழுதட்டும். ஆங்கிலத்தில் செய்த அச்சிலே தமிழை ஊற்றி, பிதுங்கியதைக் கோடுபோட்டு ஒட்டவேண்டாம். காலி இடத்துக்குப் பின்னே அவர்கள் நிற்கட்டும்.

பெயரை உரியவர் எழுதியபடியே, தமிழ் எழுத்திலேயே, ஒரே கட்டத்தில் வாங்கி வைக்கட்டும். முதலெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. அது பள்ளிச் சான்றிதழோடு நின்றுவிடாமல், கணிப்பொறிப் பட்டியலுக்குள்ளும் போகட்டும்.

மாறி நிரம்பாத கடிதம் வாசலைத் தாண்டக்கூடாது. பெயர் இல்லையென்றால் 'வாடிக்கையாளர் அவர்களுக்கு' என்று போகட்டும், அதில் இழிவில்லை. ஆனால் தொகையும் தேதியும் இல்லாமல் ஏலம் என்ற சொல் மட்டும் போகக்கூடாது. நிரம்பாததைத் தடுத்து நிறுத்துவது மென்பொருளில் சில வரி வேலை. அந்தச் சில வரியை எழுதாதவர்கள், ஆயாவின் ஒருநாள் கூலிக்குக் கடன்பட்டவர்கள்.

கடிதத்தின் அடியில், கேட்டால் பதில் சொல்லும் மனிதரின் தொலைபேசி எண் ஒன்று இருக்கட்டும். சிகாகோப் பலகைக்குப் பின்னால்கூட ஒரு மனிதர் இருந்தார்.

சிறு விஷயம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். உருபு ஒட்டாததும் புள்ளி தவறியதும் ஒரு பிரச்சினையா என்பர். மாடியில் இருப்பவர்க்குச் சிறிது. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியும், கிளை மேலாளரையும் தெரியும். ஆயாவுக்கு அந்தக் குறுஞ்செய்திதான் வங்கி. அந்தக் குறுஞ்செய்திதான் அரசு. அதிலே தாம் வெறும் 'பெயர்' என்று ஆகிவிட்டால், அவர் எந்த வாசலில் போய்த் தம் பெயரைச் சொல்வார்?

சென்ற வாரம் நூம்பலுக்குப் போயிருந்தேன். தேநீர்க் கடையில் ஆயா பேத்தியின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்தார். இளைஞன் கையில் பேனா. "சாருக்கு ஒண்ணு எழுதுப்பா" என்றார். புள்ளிக் கோட்டில் என் பெயரை அவன் எழுதினான். எழுதியதை ஆயா வாங்கினார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர், என்னிடமே காட்டிக் கேட்டார்:

"உம்பேரு சரியா இருக்குதா, பாத்துக்கோ."

இந்த ஒரு வார்த்தையைக் கணிப்பொறிக்குக் கற்றுக்கொடுங்கள். வேறொன்றும் வேண்டாம்.